ஈமாக்ஸின் திரையை வரைவது யார்?

1981இல் ஜேம்ஸ் காஸ்லிங் யூனிக்ஸ் கணினிகளுக்காக ஈமாக்ஸ் என்ற உரை எடிட்டரின் ஒரு பதிப்பை எழுதினார். பிற்காலத்தில் ஜாவா மொழியை உருவாக்கியவர் இவர்தான். அந்த எடிட்டரின் மூல நிரலில், திரையைப் புதுப்பிக்கும் பகுதிக்கு மேலே, விசைப்பலகைக் குறிகளைக் கொண்டே ஒரு மண்டை ஓடும் குறுக்கெலும்புகளும் வரையப்பட்டிருந்தன. உள்ளே கைவைக்க வருகிறவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை. இந்த நிரல் புரிந்துவிட்டது என்று நினைத்தாலும் அநேகமாகப் புரிந்திருக்காது என்பது அதன் சாரம்.

அப்படி அதில் என்ன இருந்தது? அன்று பலர் தொலைபேசிக் கம்பி வழியாக, மோடம் வைத்துத்தான் கணினியோடு பேசினார்கள். விநாடிக்கு 300 பிட் என்றால் ஏறத்தாழ 30 எழுத்து. 24 வரியும் வரிக்கு 80 எழுத்தும் கொண்ட திரையில் 1,920 இடங்கள். முழுத் திரையையும் ஒருமுறை எழுதி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேலாகும். நடுவில் ஒரு வரியைச் சேர்த்ததற்காக யார் ஒரு நிமிடம் காத்திருப்பார்கள்? அதனால் எடிட்டர் இரண்டு திரைகளை நினைவில் வைத்துக்கொண்டது. இப்போது கண்ணுக்குத் தெரிவது ஒன்று, இனித் தெரியவேண்டியது இன்னொன்று. முதலாவதை இரண்டாவதாக மாற்ற, குறைந்தபட்சம் எதை அனுப்பினால் போதும் என்று கணக்குப் போட்டு அதை மட்டும் அனுப்பியது. கணக்கு கடினமானது, மண்டை ஓடு அதற்காகத்தான்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984இல் குனு ஈமாக்ஸைத் தொடங்கியபோது திரைப் பகுதிக்குக் காஸ்லிங்கின் நிரலை எடுத்துக்கொண்டார். காஸ்லிங் தன் எடிட்டரை யூனிபிரஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றிருந்ததால் உரிமைத் தகராறு வந்தது. 1985இல் அந்தப் பகுதி அகற்றப்பட்டுப் புதிய நிரல் எழுதப்பட்டது. நிரல் மாறினாலும் யோசனை அப்படியே நின்றது. இன்று மடிக்கணினியில் ஓடும் ஈமாக்ஸும், இருக்கும் திரைக்கு ஓர் அட்டவணை, வேண்டிய திரைக்கு ஓர் அட்டவணை என்று இரண்டை வைத்து ஒப்பிட்டு, வேறுபட்ட வரிகளை மட்டும் வரைகிறது.

இந்தப் பின்னணி தெரியாதவருக்கு, ஈமாக்ஸ் பயனர்களிடையே அடிக்கடி எழும் ஒரு கோரிக்கை மிக எளியதாகத் தோன்றும். பழைய டூல்கிட்டை எடுத்துவிட்டு ஜிடிகே 4 போன்ற புதியதைப் பொருத்துங்கள், வரைகிற வேலையை கிராஃபிக்ஸ் கார்டு பார்த்துக்கொள்ளட்டும், எடிட்டர் அழகாகும், வேகமாகும் என்பார்கள். அழகு பற்றிய பாதி ஓரளவு சரி. வேகம் பற்றிய பாதியை நம்ப நான் தயாரில்லை. ஏன் என்று பார்ப்போம்.

டூல்கிட் என்பது ஜன்னல், மெனு, பொத்தான், உருள்பட்டை போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் நிரல் தொகுப்பு. ஈமாக்ஸ் அதை விளிம்புக்கு மட்டுமே பயன்படுத்துகிறது. மேலே உள்ள மெனு, கருவிப்பட்டை, ஓரத்து உருள்பட்டை, எப்போதாவது எட்டிப் பார்க்கும் டயலாக் பெட்டி ஆகியவைதான் டூல்கிட்டின் பங்கு. நாம் தட்டச்சு செய்யும் நடுப்பகுதி டூல்கிட்டைப் பொறுத்தவரை ஒரு காலிச் செவ்வகம். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுப்பதைப் போல. இடமும் நாற்காலியும் மண்டபத்துக்காரர் தருவார், சமையலும் பந்தியும் நம் ஆட்களுடையவை. மண்டபத்தை மாற்றினால் வாசல் அழகாகும், சாம்பாரின் ருசி மாறாது.

மண்டபம் பலமுறை மாறியும் இருக்கிறது. எக்ஸ் விண்டோ என்ற திரை அமைப்பில் லூசிட், மோட்டிஃப், பிறகு 2007இல் வந்த 22ஆம் பதிப்பிலிருந்து ஜிடிகே. விண்டோஸுக்கும் மேக்குக்கும் தனித்தனி நிரல்கள். 29ஆம் பதிப்பில் ஹைக்கூ இயங்குதளம், 30இல் ஆண்ட்ராய்டு. இத்தனையும் சாத்தியமானதற்குக் காரணம், ஈமாக்ஸின் திரையைக் கணக்கிடும் எஞ்சினுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு சிறிய பட்டியல். இந்த எழுத்துத் தொடரை இங்கே வரை, இந்தப் பகுதியைத் துடை, இந்தப் பட்டையை மேலே நகர்த்து, கர்சரை இங்கே வை. இப்படிச் சில கட்டளைகளைச் செய்து காட்டினால் எந்த இயங்குதளத்திலும் ஈமாக்ஸ் ஓடும்.

பட்டியலுக்கு இந்தப் பக்கம்தான் பெரும் வேலை நடக்கிறது. எக்ஸ்டிஸ்ப் என்ற ஒரே சி மொழிக் கோப்பில் 30,000 வரிகளுக்கு மேல். அது கோப்பின் உரையை ஒவ்வோர் எழுத்தாகக் கடந்து போகிறது. இந்த எழுத்துக்கு என்ன நிறம், என்ன எழுத்துரு, இது மறைக்கப்பட்டதா, இதன் இடத்தில் ஒரு படம் வரவேண்டுமா, அரபியோ ஹீப்ருவோ கலந்து வரிசை திரும்புகிறதா, வரியில் இன்னும் எத்தனை பிக்சல் மிச்சம் என்று கேட்டுக்கொண்டே வேண்டிய அட்டவணையை நிரப்புகிறது. 2001இல் வந்த 21ஆம் பதிப்பு வரை இதில் பாதிக் கேள்விகள் இல்லை. எல்லா வரிக்கும் ஒரே உயரம், படத்துக்கு இடமில்லை. கெர்ட் மோல்மன் எழுதிய புதிய எஞ்சின்தான் வெவ்வேறு உயரமும் அகலமும் கொண்ட எழுத்துகளை ஏற்றுக்கொண்டு, கட்டங்களுக்குப் பதிலாகப் பிக்சல்களை எண்ணத் தொடங்கியது. ஈமாக்ஸின் திரை வரலாற்றில் உண்மையான நவீனமாக்கம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன். அதில் புதிய டூல்கிட் எதுவும் இல்லை.

அப்படியானால் புதிய டூல்கிட்களை ஒதுக்கிவிடலாமா? முடியாது. மண்டபத்துக்காரர்கள் இப்போது விதியை மாற்றிவிட்டார்கள். பந்தி எப்போது என்று நீ முடிவு செய்யாதே, நான் மணி அடிக்கும்போது இலை போடு என்கிறார்கள்.

எக்ஸ் விண்டோவின் பதினோராம் பதிப்பு 1987இல் வந்தது. அதன் ஏற்பாட்டில், நிரல் தனக்குத் தோன்றியபோது ‘இந்த இடத்தில் இந்தச் சொல்லை எழுது’ என்று சொல்லலாம். எழுதியது திரையில் அப்படியே நிற்கும். உரையை உருட்டும்போது ஏற்கெனவே வரைந்த பட்டையை மேலே நகலெடுத்துவிட்டு, கீழே வெளிப்பட்ட ஓரிரு வரிகளை மட்டும் வரைந்தால் போதும். மோடம் காலத்து யோசனைக்கு இதைவிடப் பொருத்தமான வீடு கிடையாது. வேறுபட்டதை மட்டும் அனுப்பு, மிச்சத்தை அங்கேயே விடு.

2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலாண்ட் என்ற திரை அமைப்பு இதைத் தலைகீழாக்கியது. அங்கே நிரல் தன் ஜன்னலின் முழுப் படத்தையும் தானே தயாரித்து, திரையைத் தொகுக்கும் கம்போசிட்டரிடம் ஒப்படைக்கவேண்டும். அரைகுறையாக வரைந்த திரை யார் கண்ணிலும் படக்கூடாது என்பது நோக்கம், நல்ல நோக்கம்தான். ஜிடிகே 3, தான் சமிக்ஞை தரும்போது மட்டும் வரையச் சொல்கிறது. 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4 இன்னும் ஒரு படி மேலே போய், நேரடியாக வரையவே வேண்டாம், என்னென்ன எங்கே இருக்கவேண்டும் என்று பட்டியல் கொடு, கிராஃபிக்ஸ் கார்டை வைத்து நான் வரைந்துகொள்கிறேன் என்கிறது. மேக்கிலும் இதே கதை. 2018இல் மொஹாவே பதிப்பு வந்தபோது நினைத்த நேரத்தில் நேரடியாக வரையும் பழைய வழி அடைபட்டது. ஈமாக்ஸின் மேக் நிரல் தனி பஃபரில் வரைந்து ஒப்படைக்கும் முறைக்கு மாறவேண்டியதாயிற்று.

ஜிடிகேயோடு ஈமாக்ஸுக்கு இன்னொரு பழைய சண்டையும் உண்டு. ஈமாக்ஸைப் பின்னணியில் டீமனாக ஓடவிட்டு, வேண்டும்போது ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் பலரின் வழக்கம். ஒரே ஈமாக்ஸ் ஒரு கணினியின் திரையிலும், வேறொரு கணினியின் திரையிலும், ஒரு டெர்மினலிலும் ஒரே நேரத்தில் தெரியலாம். ஜிடிகே அப்படி யோசித்து எழுதப்பட்டதல்ல. தான் பிறந்த திரையோடுதான் தன் ஆயுளும் என்று அது நம்புகிறது. எக்ஸ் இணைப்பு எதிர்பாராமல் அறுந்தால் மொத்த ஈமாக்ஸும் விழுந்துவிடக்கூடும், திறந்திருந்த கோப்புகள் எல்லாவற்றோடும். இதைப் பற்றிய எச்சரிக்கையை ஈமாக்ஸே தொடங்கும்போது காட்டும். 1990களின் சாம்பல்நிற மெனுவோடு இருக்கும் லூசிட் கட்டமைப்பில் இந்தத் தொல்லை இல்லை. அதை இன்னும் சிலர் விடாமல் பிடித்திருப்பதற்குப் பழைய நினைவுகள் மட்டும் காரணமல்ல.

வேலாண்டுக்கான பதில் 2023 ஜூலையில் 29ஆம் பதிப்போடு வந்தது. அதை பிஜிடிகே, அதாவது தூய ஜிடிகே என்று அழைக்கிறார்கள். அதற்கு முன்பு இருந்த ஜிடிகே கட்டமைப்பு பெயரளவில்தான் ஜிடிகே. உள்ளே எக்ஸ் அழைப்புகள் நிறைந்திருந்தன. பிஜிடிகே அவற்றை நீக்கிவிட்டது. எஞ்சின் இப்போதும் பழைய பழக்கப்படி, நினைத்த நேரத்தில், வேறுபட்டதை மட்டும் வரைகிறது. திரைக்குப் பதில், கெய்ரோ என்ற வரைகலை நூலகத்தின் உதவியோடு, நினைவகத்தில் உள்ள ஒரு படத்தில் வரைகிறது. ஜிடிகே மணி அடிக்கும்போது அந்தப் படம் நகலெடுத்துக் கொடுக்கப்படுகிறது. எஞ்சினைத் தொடாமல் செய்த சமரசம் இது. புத்திசாலித்தனமானது, ஆனால் இலவசமல்ல. 4கே திரை முழுவதும் ஜன்னல் விரிந்திருந்தால் 3840க்கு 2160, அதாவது 83 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு நான்கு பைட் என்றால் ஒரு படம் 33 மெகாபைட். 29ஆம் பதிப்பிலேயே வந்த வழவழப்பான பிக்சல் உருட்டலில் விநாடிக்கு 60 முறை முழுப் படமும் மாறினால் 2 ஜிகாபைட்டை நெருங்கும். இதைச் சுமப்பது கிராஃபிக்ஸ் கார்டு அல்ல, பெரும்பாலும் சிபியுதான்.

சில உரிமைகளும் போயின. வேலாண்டில் ஒரு நிரல் தன் ஜன்னலைத் திரையின் இந்த மூலையில் வை என்று கேட்க முடியாது. மவுஸ் சுட்டியைத் தன் இஷ்டத்துக்கு நகர்த்தவும் முடியாது. ஈமாக்ஸை வளைத்துக்கொள்ள லிஸ்ப் மொழியில், பல ஆண்டுகளாக இவற்றை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் அங்கே மௌனமாகிவிடுகின்றன.

சரி, வரைவதை முழுவதுமாக கிராஃபிக்ஸ் கார்டிடம் கொடுத்துவிட்டால்? நேரம் உண்மையில் எங்கே போகிறது என்பதைப் பார்க்கவேண்டும். எழுத்துகளைத் திரையில் பதிப்பது ஒரு வேலை. எந்த எழுத்து எங்கே வரும் என்று தீர்மானிப்பது வேறு வேலை. ஈமாக்ஸ் திணறும்போது பெரும்பாலும் திணறுவது இரண்டாவதில். ஒரே வரியில் பல மெகாபைட் நீளமுள்ள ஒரு ஜேசன் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். வரியின் தொடக்கத்திலிருந்து எழுத்து எழுத்தாக நடந்தால்தான் நடுவில் இருப்பது எங்கே விழும் என்று எஞ்சினுக்குத் தெரியும். 29ஆம் பதிப்பு இதற்கு ஒரு வைத்தியம் செய்தது. 50,000 எழுத்தைத் தாண்டும் வரி கண்ணில் பட்டால், கர்சரைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மிச்சம் இல்லாதது போல நடந்துகொள்கிறது. எந்த கிராஃபிக்ஸ் கார்டும் தந்திருக்க முடியாத வேகம் இந்த ஒரு தந்திரத்தில் கிடைத்தது.

தீர்மானிக்கும் வேலையைத் தனி இழைக்கு மாற்றலாமே என்றால், அங்கே லிஸ்ப் குறுக்கே நிற்கிறது. எஞ்சின் ஒரு வரியை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, நிறம் பூசாத பகுதி வந்தால் நிறம் பூசும் லிஸ்ப் நிரலைக் கூப்பிடும். அடியில் உள்ள நிலைவரியில் என்ன எழுதுவது என்றும் லிஸ்பைக் கேட்கும். அந்த லிஸ்ப் நிரல் எதை வேண்டுமானாலும் செய்யலாம், உரையை மாற்றவும் செய்யலாம். எதிர்த் திசையிலும் கேள்விகள் பறக்கின்றன. கீழ் அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் திரையில் தெரியும் அடுத்த வரிக்குப் போகவேண்டும். அது எங்கே என்று சொல்ல, வரையாமலேயே அடுக்கிப் பார்க்கவேண்டும், அதுவும் உடனே. ஆகவே திரை என்பது கடைசியில் தீட்டப்படும் மேல்பூச்சாக இல்லை, எடிட்டர் யோசிப்பதிலேயே அதற்குப் பங்கு இருக்கிறது. ஈமாக்ஸைப் பயனரே வளைத்துக்கொள்ளலாம் என்று நாம் பாராட்டுவதும், அதன் எஞ்சினைப் பிரித்தெடுக்க முடியவில்லை என்று அலுத்துக்கொள்வதும் ஒரே காரணத்தால்தான்.

வேறு வழி தேடியவர்கள் உண்டு. கூகுளில் இருந்த ராஃப் லெவியன் 2016இல் தொடங்கிய ஸை எடிட்டர், மையத்தை ஒரு தனிச் செயல்முறையாகவும் முகப்பை இன்னொன்றாகவும் பிரித்து, நடுவில் ஜேசன் செய்திகளை அனுப்பியது. 2020இல் திட்டத்தை முடித்துக்கொண்டபோது, அந்தப் பிரிவினை தந்த சிக்கலுக்கு ஈடான பலன் இல்லை என்று அவரே வெளிப்படையாக எழுதினார். ஈமாக்ஸிலிருந்து கிளைத்த ஈமாக்ஸ்-என்ஜி, மொசில்லாவின் வெப்ரெண்டர் நூலகத்தை வைத்து கிராஃபிக்ஸ் கார்டில் வரைந்து பார்த்தது. அது மூல ஈமாக்ஸில் சேரவில்லை. ஆட்டம் எடிட்டரை உருவாக்கியவர்கள் எழுதிய ஸெட், கிராஃபிக்ஸ் கார்டு வழியாகவே வரைகிறது, வேகமாகவும் இருக்கிறது. ஆனால் அது முதல் நாளிலிருந்தே அதற்காக எழுதப்பட்டது. நாற்பது ஆண்டு லிஸ்ப் நிரல்களை அது சுமக்கவில்லை.

இவ்வளவு சொன்னபிறகு, சத்தமில்லாமல் நடந்த ஒரு மாற்றத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு நேரடியாகப் பலன் தந்தது அதுதான்.

‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு கோப்பில் இது இரண்டு குறியீடுகள். முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. திரையிலோ மூன்று துண்டுகள். ககரத்துக்கு இடப்பக்கம் கொம்பு, நடுவில் ககரம், வலப்பக்கம் கால். பின்னால் வந்த குறி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி முன்னால் தாவுகிறது. ‘கு’, ‘டு’, ‘மு’ ஆகியவற்றில் குறியும் எழுத்தும் ஒன்றாகி வேறு வடிவமே எடுக்கின்றன. ‘ஸ்ரீ’ நான்கு குறியீடுகள், பார்வைக்கு ஒரே எழுத்து. குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்று எண்ணும் எஞ்சினுக்கு இது ஒன்றும் புரியாது.

இதைச் செய்துதரும் நிரலை ஷேப்பர் என்பார்கள். 2009இல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்து ஈமாக்ஸ் இதற்கு எம்17என் என்ற ஜப்பானிய நூலகத்தை நம்பியிருந்தது. 2020 ஆகஸ்டில் வந்த 27ஆம் பதிப்பு ஹார்ஃப்பஸ்ஸுக்கு மாறியது. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் வளர்த்தெடுத்த நூலகம் இது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆஃபிஸ் எல்லாவற்றிலும் எழுத்துகளைக் கோக்கும் வேலையை இதுதான் செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் சரியாகத் தெரியும் தமிழ் ஈமாக்ஸிலும் சரியாகத் தெரிய இதுவே வழி. கூடவே கெய்ரோவும் சோதனை நிலையைத் தாண்டியது. அதற்கு முன் இருந்த எக்ஸ்எஃப்டி நூலகம் வண்ண இமோஜி எழுத்துருவைத் தொட்டால் ஈமாக்ஸே விழுந்துவிடும் நிலை இருந்தது. அத்தகைய எழுத்துருக்களைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு தனி அமைப்பே வைத்திருந்தார்கள். டூல்கிட்டையும் தொடவில்லை, 30,000 வரிக் கோப்பையும் கலைக்கவில்லை. அடியில் இருந்த இரண்டு நூலகங்கள் மாறின, அவ்வளவுதான்.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. ஈமாக்ஸ் முழு வரியையும் ஹார்ஃப்பஸ்ஸிடம் தருவதில்லை. எந்த எழுத்துத் தொடரைச் சேர்த்து அனுப்பவேண்டும் என்று மொழிவாரியாக எழுதிவைத்த வாய்ப்பாடுகள் லிஸ்பில் உள்ளன. அவற்றில் பொருந்துவது மட்டும் போகிறது. தமிழுக்கு வாய்ப்பாடு இருப்பதால் நமக்குச் சிக்கலில்லை. ஆங்கில எழுத்துகளுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளிச் சரிசெய்தல் போன்றவை தானாகக் கிடைக்காததற்கு இதுதான் காரணம். டெர்மினலுக்குள் ஓடும் ஈமாக்ஸில் நிலைமை வேறு. அங்கே வரைவது டெர்மினல் நிரல். ‘கொ’வுக்கு அது எத்தனை கட்டம் ஒதுக்கும் என்று ஈமாக்ஸ் ஊகிக்கத்தான் முடியும். ஊகம் தவறினால் கர்சர் ஓரிடத்திலும் எழுத்து இன்னோரிடத்திலும் நிற்கும். தமிழ் எழுதுவதற்கு ஜன்னல் ஈமாக்ஸே நல்லது.

உங்கள் கணினியில் எந்தக் கட்டமைப்பு ஓடுகிறது என்று பார்ப்பது எளிது. சிஸ்டம்-கான்ஃபிகரேஷன்-ஃபீச்சர்ஸ் என்ற மாறியின் மதிப்பைப் பாருங்கள். கெய்ரோ, ஹார்ஃப்பஸ், பிஜிடிகே ஆகிய பெயர்கள் இருக்கின்றனவா என்று அதில் தெரியும். ‘கொ’வின் மேல் கர்சரை வைத்து டிஸ்கிரைப்-கேர் கட்டளையைக் கொடுத்தால் எழுத்துருவின் பெயருக்கு முன்னால் எஃப்டிசிஆர்எச்பி என்று வரும். கடைசி இரண்டு எழுத்தும் ஹார்ஃப்பஸ்ஸைக் குறிப்பவை. ஈமாக்ஸோடு வரும் ஹலோ கோப்பில் தமிழுக்கு ‘வணக்கம்’ என்று இருக்கிறது. ஆனால் சோதனைக்கு அது போதாது. புள்ளியைத் தவிர அதில் வேறு குறி எதுவும் கிடையாது. ‘கொ’, ‘மௌ’, ‘ஸ்ரீ’ என்று நீங்களே அடித்துப் பாருங்கள்.

தேர்ந்தெடுக்கவேண்டியிருந்தால், வேலாண்ட் மேசைத்தளத்தில் பிஜிடிகே சரி. அதையே எக்ஸில் ஓட்டினால் ஆதரவில்லை என்று ஈமாக்ஸே எச்சரிக்கும். அந்தப் பேச்சைக் கேட்பது நல்லது. ஜிடிகே 4க்குக் காத்திருப்பவர்களுக்கு: 2025 பிப்ரவரியில் வந்த 30ஆம் பதிப்பும் ஜிடிகே 3இல்தான் நிற்கிறது. ஜிடிகே 4 பழைய மெனு வகைகளையே நீக்கிவிட்டதால் மெனு நிரலைப் புதிதாக எழுதவேண்டிவரும். எக்ஸில் டீமனாக ஓட்டுகிறவர்களும், தொலைவில் உள்ள சர்வரிலிருந்து ஜன்னலைத் திறக்கிறவர்களும் லூசிட்டைக் கெய்ரோவோடும் ஹார்ஃப்பஸ்ஸோடும் சேர்த்துக் கட்டமைக்கலாம். மெனு 1990களில் நிற்கும், உள்ளே தமிழ் ஒழுங்காக வரும்.